டியூஷன் என்ற சொல்லின் பொருள்

அண்மையில் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பும்போது எமது அயல்வீட்டு ராத்தா வாசலில் நின்று கூப்பிட்டார். கையில் தொலைபேசி. முகத்தில் கவலை.

"மௌலவி, மகன் அமெரிக்காவுல யூனிவர்சிட்டிக்குப் போயும் டியூஷன் எடுக்கிறாராம் போல. டியூஷன் கூடிப் போச்சு, இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம் எண்டு எழுதியிருக்கார். இங்க அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புக்கும் டியூஷன், ஓ.எல்.லுக்கும் டியூஷன், ஏ.எல்.லுக்கும் டியூஷன். அங்க போயுமா?"

எனக்கும் விளங்கவில்லை. மறுநாள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். அமெரிக்காவில் டியூஷன் என்றால் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கட்டும் கட்டணம். பிரித்தானியாவில் அது கற்பித்தலைக் குறிக்கும். கட்டணத்தைச் சொல்வதானால் 'டியூஷன் ஃபீஸ்' என்பார்கள். இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலோ பாடசாலைக்கு வெளியே காசு கொடுத்துப் படிப்பதே டியூஷன். ராத்தாவின் மகன் சொன்னது பல்கலைக்கழகக் கட்டணத்தை.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஆங்கில ஆசிரியர் பெரிய அகராதியைத் திறந்து அந்தச் சொல்லின் வேரையும் காட்டினார். அது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் காவல், பராமரிப்பு என்பதாகும். ஆங்கிலத்திலும் முதலில் அந்தப் பொருளில்தான் வழங்கியது. கற்பித்தல் என்ற பொருள் பின்னர் வந்தது, கட்டணம் என்ற பொருள் அதற்கும் பின்னர். 'டியூட்டர்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. பழைய ரோமச் சட்டத்தில் தந்தையை இழந்த சிறு பிள்ளைக்கும் அதன் சொத்துக்கும் பொறுப்பாக நின்றவரே டியூட்டர். மாணவரைக் குறிக்கும் 'பியூப்பில்' என்ற சொல்லும் அப்படித்தான். அவ்வாறான பொறுப்பாளரின் கீழ் வளரும் அநாதைப் பிள்ளைக்கு லத்தீனில் வழங்கிய பெயரிலிருந்து அது வந்தது.

இதைக் கேட்டதும் அரபுக் கல்லூரியில் நாம் ஓதியவை நினைவுக்கு வந்தன. கலீபா ஹாரூன் ரஷீத் தமது புதல்வர்கள் அமீனுக்கும் மஃமூனுக்கும் கற்பிக்க, இலக்கண அறிஞர் கிஸாயீயை அமர்த்தினார். அக்காலத்தில் இத்தகைய ஆசிரியரை 'முஅத்திப்' என்பர். அதபைக் கற்றுக்கொடுப்பவர் என்பது அதன் பொருள். இன்று அரபு நாடுகளில் டியூஷனுக்கு 'துரூஸ் குஸூஸிய்யா', அதாவது தனிப்பட்ட பாடங்கள் என்கிறார்கள். பாடம் மட்டும் நிற்கிறது. அதபு அந்தப் பெயரில் இல்லை.

சகோதரிகளே, இதையெல்லாம் நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நானும் வீட்டில் மாலை வகுப்பு நடத்தினேன். ஒரு கொப்பியில் பிள்ளைகளின் பெயர்கள். எதிரே மாதக் காசு. பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி மூன்று கிழமை வரவில்லை. பெயருக்கு நேரே 'இரண்டு மாதம் பாக்கி' என்று எழுதிவைத்தேன். அவளது வாப்பா முந்திய வருடம் மௌத்தானவர். அந்த ஜனாஸாவில் நானும் நின்றவன். எனினும் பிள்ளை ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவில்லை.

ஒருநாள் கடைத்தெருவில் அவளது உம்மாவைக் கண்டேன். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "மௌலவி, சல்லி இன்னும் சேரல்ல. புள்ளைக்கு வெக்கம். அதுதான் வரமாட்டேங்கிறா."

நான் கூனிக் குறுகிப் போனேன். காசு வேண்டாம், பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். அவள் வந்தாள். ஆனால் முன்னர் முன்வரிசையில் இருந்த பிள்ளை, பரீட்சை வரை கதவோரத்திலேயே இருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கற்பிப்பவர் கூலி வாங்குவது குற்றமல்ல. அநாதையின் பொறுப்பாளரைப் பற்றிக் கூறும் சூரத்துன் நிஸாவின் ஆறாவது வசனம், வசதியுள்ளவர் அப்பிள்ளையின் பொருளைத் தவிர்ந்துகொள்ளட்டும், ஏழையாயிருப்பவர் நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தைத் தருகிறது. காவல் முதலாவது, கூலி அதன் பின்னர்தான். நான் அதைத் தலைகீழாக வைத்திருந்தேன்.

1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி உள்ள நாடு எமது நாடு. அப்படியிருந்தும் காப்பை அடகு வைத்து டியூஷன் காசு கட்டும் தாய்மார் இருக்கிறார்கள். காசு கட்டியதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பிள்ளை எங்கே இருக்கிறது, வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது, ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயராவது தெரியுமா என்று போய்க் கேளுங்கள். சல்லி இல்லாத மாதத்தில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: வராத பிள்ளையை முதலில் தேடுங்கள், பாக்கியைப் பிறகு பார்க்கலாம்.

ராத்தாவிடம் விளக்கம் சொன்னேன். "அப்ப அங்க சல்லிக்குத்தான் டியூஷன் எண்டு பேரா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனது பழைய கொப்பியிலும் அச்சொல்லுக்கு அந்தப் பொருள்தானே இருந்தது. அல்லாஹ் எம்மை மன்னித்து, எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.