சோனகத் தெருவிலிருந்து திருநெல்வேலிக்கு



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் இனிப்பும் சிரிப்பும். இரண்டாம் நாள் உறவினரின் தொலைபேசி அழைப்புகள். மூன்றாம் நாள் தொடங்கிவிடும் பஞ்சாயத்து: "பிள்ளையை எங்கே படிக்க அனுப்புவது?"

புத்தளத்தில் என் ராத்தாவின் வீட்டிலும் அதுதான் நடந்தது. மூத்த மகள் கலைப் பிரிவில் பொருளியல், புவியியல், அளவையியல் எடுத்து நன்றாகவே சித்தியடைந்திருந்தாள். அவளுக்குப் பொருளியலில்தான் ஆசை. அதிலும் நாடுகளுக்கு இடையிலான வியாபாரம், நாணய மாற்று என்று பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும்.

"2022இல் கேஸ் வரிசையில் உங்களோடு நின்றேனே சாச்சி, டொலர் இல்லையென்றால் அடுப்பு ஏன் எரியவில்லை என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் படிக்கப் போகிறேன்" என்றாள்.

மச்சான் கொழும்பிலிருந்து பளபளப்பான கையேடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரு தனியார் நிறுவனம். அட்டையிலேயே 'சர்வதேசப் பொருளியல்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கட்டணத்தைப் பார்த்தேன். மச்சான் லொறியை விற்றாலும் இரண்டாம் வருடத்துக்குப் போதாது.

அப்போதுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்: "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் போடலாம் தானே?"

எங்கள் உம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏன் போனார் என்பதை இளைய சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். யாழ் நகரத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி. கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நான் அப்போது கதீஜாவில் பத்தாம் வகுப்பு. உடுத்த உடையோடு புறப்பட்டுப் புத்தளத்து முகாமுக்கு வந்தோம். என் படிப்பு அந்த ஓலைக் கொட்டிலோடு முடிந்துபோனது. உம்மா அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தின் பெயரைக்கூட உரக்கச் சொன்னதில்லை.

"நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று சொல்லி மருமகளை அழைத்துக்கொண்டு நான் புறப்பட்டேன்.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், அங்கிருந்து வவுனியா, பிறகு ஏ-9 வீதி. வவுனியா தாண்டியதும் காடும் வயலும் மாறி மாறி வரும். கிளிநொச்சியைக் கடந்து ஆனையிறவை அடைந்ததும் இரண்டு பக்கமும் நீர் விரிந்து, காற்றில் உப்பு மணக்கும். உப்பளத்து ஊரான புத்தளத்தில் வளர்ந்த பிள்ளை அல்லவா, ஜன்னலோரத்தில் இருந்து, "சாச்சி, இது நம்மட ஊர் மணம்" என்றாள். என் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்தப் பாதைக்குப் பழைய சொந்தமும் உண்டு. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததை எழுதியிருக்கிறார். சந்தித்த இடம் புத்தளம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியதாம். முன்னால் முத்துகள் குவிந்திருந்தனவாம். யோசித்துப் பாருங்கள். நம் கடற்கரை முத்துக்கு விலை பேசத் தமிழ் மன்னர் ஒருவர் பாரசீகம் அறிந்திருக்கிறார். சர்வதேச வர்த்தகம் நமக்குப் புதிதல்ல!

யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் முதலில் சோனகத் தெருவுக்குத்தான் போனோம். திரும்பி வந்த குடும்பங்கள் சில இருக்கின்றன. பாங்கு ஒலிக்கிறது. ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. இடையிடையே கூரையில்லாத வீடுகளும் நிற்கின்றன. அவற்றில் ஒன்று எங்களுடையது. சமையலறை இருந்த இடத்தில் ஒரு முருங்கை வளர்ந்திருந்தது. மருமகள் அதைப் படம் எடுத்தாள்.

நான் அவளிடம் பேசிக்கொண்டே போனேன். "இந்த வண்ணார்பண்ணையில்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் பிறந்தார். வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துவிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர்தான். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர். நீயும் இங்கே படித்தால்..."

அவள் என்னை நிறுத்தினாள்.

"சாச்சி, ஒன்று கேட்கட்டுமா? நான் இங்கே படிக்க வருவதா, உங்களுக்காகத் திரும்பி வருவதா?"

சகோதரிகளே, எனக்கு உடனே பதில் வரவில்லை. உம்மா தம் பயத்தால் வேண்டாம் என்கிறார். நான் என் ஏக்கத்தால் வேண்டும் என்கிறேன். இரண்டிலும் பிள்ளையின் படிப்பு எங்கே இருக்கிறது? அந்த முருங்கை நிழலில் நின்று, "நீ சொல்வதுதான் சரி. தெருவை இங்கேயே விட்டுவிட்டு வா. கல்லூரியை மட்டும் பார்ப்போம்" என்றேன்.

ஓட்டோ பிடித்துத் திருநெல்வேலி போனோம். தமிழ்நாட்டு வாசகிகள் மயங்க வேண்டாம், இது யாழ் நகரத்தை அடுத்துள்ள திருநெல்வேலி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில்தான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. பொருளியல் துறை கலைப் பீடத்தில் இருக்கிறது. முகாமைத்துவமும் வணிகமும் வேறொரு பீடம். விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உள்ளே ஒரு மர நிழலில் முக்காடு அணிந்த மாணவி ஒருத்தி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். கிழக்கு மாகாணத்துப் பிள்ளை. ஸலாம் சொல்லி விசாரித்தோம். தொழ இடம், சாப்பாடு, தங்கும் அறை என்று நான் அடுக்கினேன். பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு அவள் மருமகளிடம் திரும்பிக் கேட்டாள்: "தங்கச்சி, கணக்கு ஓடுமா? பொருளியலில் வரைபடமும் புள்ளிவிபரமும் இல்லாமல் ஒரு நாளும் போகாது. ஆங்கிலம் வாசிப்பீங்களா? நல்ல புத்தகங்கள் அதில்தான் அதிகம்." நான் கேட்ட கேள்விகள் அவசியமானவைதான். ஆனால் அவள் கேட்டவை அல்லவா முதலில் கேட்க வேண்டியவை!

திரும்பும்போது திருநெல்வேலிச் சந்தையில் நின்றோம். செம்மண் ஒட்டிய வெங்காயம் குவியல் குவியலாக இருந்தது. மருமகள் அங்கேயே எனக்கு ஒரு பாடம் நடத்திவிட்டாள்.

1970இலிருந்து 1977 வரையிலான ஆட்சியில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. கல்வீடுகள் எழுந்தன. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்திறங்கியது. கொழும்பில் சமைப்பவருக்கு இலாபம், இங்கே கிணற்றில் நீர் இறைப்பவருக்கு நட்டம். "ஒரே முடிவில் ஒரு வீடு சிரிக்கும், ஒரு வீடு அழும். யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள், அழுகிறவருக்கு என்ன ஈடு செய்யலாம் என்று கணக்குப் போடுவதுதான் சர்வதேசப் பொருளியலின் ஒரு பாதி, சாச்சி."

"மறுபாதி?"

"பணம். உங்கள் மச்சி வளைகுடாவிலிருந்து அனுப்புகிறாரே, அது. 2020இல் வெளிநாட்டில் உழைக்கும் நம்மவர்கள் வங்கி வழியாக அனுப்பியது ஏறத்தாழ 710 கோடி டொலர். வங்கி விலை 200 ரூபாயளவில் கட்டுப்பட்டுக் கிடக்க, உண்டியல்காரர் கூடக் கொடுத்தார். பணம் அந்தப் பக்கம் போனது. 2022இல் வங்கி வழி வந்தது 380 கோடி அளவுதான். அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று நாடு அறிவித்தது. செப்டெம்பரில் விலைவாசி உயர்வு 70 வீதத்தை எட்டியது. நாம் நின்ற கேஸ் வரிசை அங்கேதான் தொடங்குகிறது."

வெங்காயக்காரம்மா கேட்டுக்கொண்டே இருந்து, "பிள்ளை நல்லாய்ப் படிக்குது, ஒரு கிலோ வாங்குங்கோ" என்றார். வாங்கினோம்!

மறுநாள் யாழ் பொது நூலகத்தில் இருந்து, நான்கு பல்கலைக்கழகங்களைப் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிட்டோம்: கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு. 1981இல் 97,000 நூல்களோடு எரிந்து, 2003இல் மீண்டும் திறக்கப்பட்ட நூலகம் அது. எரிந்த இடத்திலும் திரும்ப வாசிக்க இருக்கலாம் என்பதை அதன் மேசையே சொல்லிக்கொடுத்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக அன்று எழுதியவற்றை உங்கள் வீட்டுப் பிள்ளைக்காகவும் சொல்கிறேன்.

முதலாவது, பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நுண்பாகப் பொருளியல், பேரினப் பொருளியல், கணிதம், புள்ளிவிபரவியல் ஆகியவை அடித்தளம். அதன் மேல் சர்வதேச வர்த்தகம், சர்வதேச நிதி ஆகிய பாடங்கள் இருந்தால் போதும். அட்டையில் 'சர்வதேசம்' இல்லாவிட்டாலும் உள்ளே அது இருக்கிறது. அட்டையில் மட்டும் இருந்து உள்ளே கணக்கு இல்லாவிட்டால் காசு வீண்.

இரண்டாவது, மூன்று வருடப் பொதுப் பட்டமா, நான்கு வருடச் சிறப்புப் பட்டமா? பொருளியலை ஆழமாகப் படிக்கச் சிறப்புப் பட்டம் வேண்டும். அதற்குத் தெரிவாவது முதல் வருடப் பெறுபேற்றைப் பொறுத்தது. எனவே முதல் வருடம் விளையாட்டல்ல.

மூன்றாவது, எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்று துறையிலேயே கேளுங்கள். தமிழில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் மலையாகத் தெரியும். பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் மாதங்கள் கிடக்கின்றன. அந்த மாதங்களைக் கலியாண வீடுகளில் கரைக்காமல் ஆங்கில வகுப்புக்குக் கொடுங்கள்.

நான்காவது, செலவு. அரச பல்கலைக்கழகத்தில் இளமாணிப் படிப்பு இலவசம். தகுதியுள்ளவர்களுக்கு மஹாபொல உதவியும் உண்டு. தனியார் பட்டமானால், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்பது கேள்வியல்ல, புலம்பல்.

ஐந்தாவது, விண்ணப்பம். ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியும், பொது அறிவுப் பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தெரிவு இசட் புள்ளியில். கலைத்துறைக்கு அது அகில இலங்கைத் திறமை வரிசை. விருப்ப வரிசையில் உண்மையாக எது வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். 'கிடைக்காது' என்ற பயத்தில் ஆசைப்பட்டதைக் கீழே தள்ளினால், கிடைத்திருக்கக்கூடியதும் போய்விடும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால், கீழே உள்ளதற்கு அதனால் குறைவு வராது.

விடுதியும் பாதுகாப்பும் பெண்பிள்ளைக்கு முக்கியம். மறுக்கவில்லை. எல்லா வருடமும் விடுதி கிடைக்குமா, இல்லாவிட்டால் எங்கே தங்கலாம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் நேரில் விசாரியுங்கள். ஆனால் அந்தக் கேள்விகள் வழியைக் கண்டுபிடிக்கக் கேட்பவையாக இருக்கட்டும், வழியை அடைக்கக் கேட்பவையாக இருக்க வேண்டாம்.

ஊர் திரும்பி, ஒரு வியாழக்கிழமை இரவு எல்லோரும் கூடியிருக்க, மருமகள் தன் வரிசையை வாசித்தாள். முதலாவது பேராதனை. அங்கே பொருளியலும் புள்ளிவிபரவியலும் ஒரே துறை, தனக்குக் கணக்குப் பிடிக்கும் என்றாள். இரண்டாவது யாழ்ப்பாணம். பிறகு மற்றவை. மச்சான் தங்க எழுத்துக் கையேட்டை மடித்து அலுமாரிக்கு மேல் வைத்தார். எனக்குக் கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த வரிசை அவளுடையது.

அதுவரை மூலையில் தஸ்பீஹோடு இருந்த உம்மா தலையை நிமிர்த்தினார்.

"ஏன் புள்ள, யாழ்ப்பாணத்த ரெண்டாவதாப் போட்ட?"

நாங்கள் எல்லோரும் திகைத்துப்போனோம். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பெயரை அவர் வாயால் நாங்கள் கேட்டதில்லை.

"உம்மம்மா, முதலாவது கிடைக்காட்டி அதுதான்" என்றாள் பிள்ளை பயந்துபோய்.

"கிடைச்சாலும் பரவாயில்ல. லீவுக்கு ஒருக்கா என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார் உம்மா. "குசினிக்குள்ள முருங்கை நிக்குதாமே? அந்தப் படத்தக் காட்டு பாப்பம்."