நீராட ஓர் ஆடை

நீராடல் தமிழருக்குப் புதிதன்று. வையைப் புதுப்புனலில் ஆடவரும் மகளிரும் கூடி ஆடிய மகிழ்ச்சியைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்றே ஒரு பகுதி உண்டு. ஆடிப்பெருக்கும் மார்கழி நீராடலும் பெண்டிரை முன்னிறுத்தியே நிகழ்ந்து வந்தன. இத்தகைய மரபில் வந்தவர்களின் பெண்மக்கள், கடலுக்குச் சில கல் தொலைவில் வாழ்ந்தும் கணுக்கால் நனைவதோடு நின்றுவிட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் யாது? அச்சம் ஒரு காரணம். உடை மற்றொரு காரணம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கடற்கரை உள்ள மாவட்டம் போர்ட்டிக்சன் ஒன்றே. லின்சம், சுவா பெத்தோங், சுங்காலா முதலிய தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடல் என்றால் அது தெலுக் கெமாங் கடற்கரைதான். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நண்பகல்வரை பால்மரம் வெட்டி ஓய்ந்த மக்கள், ஆண்டில் ஓரிரு விடுமுறை நாள்களில் லோரியேறி அங்குச் செல்வர். புளிச்சோற்றுப் பொட்டலமும் பாயும் உடன் செல்லும். ஆண்பிள்ளைகள் அரைக்காற்சட்டையுடன் அலையில் பாய்வர். பெண்பிள்ளைகளோ தமையன்மாரின் செருப்புகளுக்குக் காவலாய் மணலில் அமர்ந்திருப்பர்.

ரந்தாவ் வட்டாரத் தோட்டமொன்றில் 1980-களில் வாழ்ந்த தாய் ஒருத்திக்கு இக்காட்சி பொறுக்கவில்லை. அவளும் பால்மரம் வெட்டுபவளே. மாலையில் லயத்துப் பெண்களுக்கு இரவிக்கை தைத்துக் கொடுத்துச் சில வெள்ளி ஈட்டுபவள். மூத்த பிள்ளைகள் இருவரும் ஆண்கள்; இளையவள் பத்து வயதுச் சிறுமி. அந்த ஆண்டு அவளும் கடலில் இறங்க வேண்டும் என்று தாய் கூறியபோது, வீட்டுப் பெரியவளான மாமியார் தடுத்தாள்.

“பொட்டப்புள்ளைக்குக் கடல்ல என்னம்மா வேலை? நாலு பேர் பாக்குற எடத்துல அரைகுறையா நிக்கவா?”

“அரைகுறையா இல்லீங்க அத்தை. மேல்மூடி, கால்மூடி நானே தைச்சுக் குடுக்கிறேன்.”

மாமியாரின் கவலையை மருமகள் எள்ளி நகையாடவில்லை என்பது கருதத்தக்கது. கடைகளில் தொங்கிய நீச்சலுடைகள் அவளுக்கும் உகந்தனவாக இல்லை, விலையும் எட்டவில்லை. ஆயினும் பாவாடை சட்டையுடன் மகளை நீரில் இறக்கவும் அவள் துணியவில்லை. பருத்தித் துணி நீரை உறிஞ்சிப் பளுவாகும். நீண்ட பாவாடை கால்களைச் சுற்றிக்கொண்டு உதைக்கவிடாது தடுக்கும். காற்றுப் புகுந்தால் குடைபோல் மேலெழும். மானங்காக்க உடுத்திய உடை நீருக்குள் மானத்தையும் காவாது, உயிருக்கும் இடையூறாகும். இவ்வுண்மையை அவள் எந்நூலிலும் படித்தறியவில்லை. லயத்துக் குழாயடியில் ஈரத்துணி பிழிந்த கைகளால் அறிந்திருந்தாள்.

சிரம்பானுக்குச் சென்று, நைலானும் ஸ்பான்டெக்சும் கலந்த கருநீலத் துண்டுத்துணி வாங்கி வந்தாள். ஸ்பான்டெக்ஸ் என்பது 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்னும் வேதியியலார் உருவாக்கிய இழை. இழுத்தால் பன்மடங்கு நீண்டு, விட்டால் பழைய அளவுக்கே மீளும். வெளிர் நிறம் நனைந்தால் உடல் தெரியும் என்பதால் அடர்நிறத்தைத் தேர்ந்தாள்.

அவளிடம் இருந்தது நேர்த்தையல் மட்டும் போடும் காலால் மிதிக்கும் பழைய இயந்திரம். முதலில் தைத்த கை, சிறுமி அணிந்து கையை நீட்டியவுடன் படபடவென்று பிரிந்தது. துணி நீண்டது; நூல் நீளவில்லை. மறுமுறை துணியை இரு கைகளாலும் சற்றே இழுத்துப் பிடித்தபடி தைத்தாள். துணி சுருங்கி மீண்டபோது தையலில் சிறிது நூல் எஞ்சி நின்று, இழுவைக்கு இடந்தந்தது. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும் என்று பாலியெஸ்டர் நூலைக் கோத்தாள். கூரிய ஊசி பின்னலிழைகளை அறுத்ததால், முனை சற்று உருண்ட ஊசியைத் தேடிப் பொருத்தினாள். முழங்கைவரை கை, முழந்தாளுக்குக் கீழ்வரை காற்சட்டை, இடைக்குக் கீழ் இறங்கும் மேலாடை என உடை உருப்பெற்றது. மேலாடை அலையில் உயராதிருக்க, உட்புறத்தே நாடா வைத்துக் காற்சட்டையுடன் முடிந்தாள்.

பாட்டி அவ்வாடையைக் குழாயடிக்கு எடுத்துச் சென்றாள். நன்றாக நனைத்தாள், வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்தாள், உள்ளே கைவிட்டு நிழல் தெரிகின்றதா என்று பார்த்தாள். பிறகு, “சரி, போயிட்டு வரட்டும். இடுப்புக்கு மேல தண்ணிக்குப் போகக்கூடாது” என்றாள். அந்த ஆண்டு தெலுக் கெமாங்கில் செருப்புகள் காவலின்றிக் கிடந்தன. மறு ஆண்டில் சிறுமி மிதக்கக் கற்றாள். அதற்குள் லயத்தில் வேறு சில தாய்மாரும் துண்டுத்துணியுடன் அவ்வீட்டுத் திண்ணைக்கு வந்திருந்தனர்.

இதே சிக்கலைப் பின்னாளில் உலகமும் கண்டது. லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அஹேதா சனெட்டி, முக்காட்டுடன் வலைப்பந்து ஆடத் தன் உடன்பிறந்தாள் மகள் இடர்ப்பட்டதைக் கண்டார். அதிலிருந்து முயன்று 2004-இல் புர்கினி என்னும் நீச்சலுடையை உருவாக்கினார். 2016-இல் பிரான்சின் கடலோர நகரங்கள் பல அதனைத் தடைசெய்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அவற்றுள் ஒரு நகரின் தடையை நிறுத்திவைத்தது. மூடியதற்காக ஒருத்தியைக் கரையேற்றுவதும், மூடவில்லை என்பதற்காக ஒருத்தியை இறங்கவிடாததும் முடிவில் ஒன்றே. இரண்டிலும் நீரை இழப்பவள் பெண்ணே.

இன்று தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை நிற்கின்றது. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. முழுக்கை நீச்சலுடை கடைகளிலேயே கிடைக்கின்றது. வளைந்து வளைந்து ஓடும் சிக்சாக் தையல் எளிய இயந்திரங்களிலும் உண்டு. எனினும் பருத்த உடல், மெலிந்த உடல், முதிய உடல் எனத் தத்தம் அளவுக்கும் மனத்துக்கும் ஏற்ப உடை வேண்டுவோர் வீட்டில் தைப்பதை விட்டாரில்லை. அவ்வுடை நீடிக்க வேண்டுமாயின் கடலாடியபின் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தல் வேண்டும்.

பள்ளிச் சுற்றுலாவுக்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், யார் யாருக்கு நீந்தத் தெரியும் என்று வினவுவது முறையே. அதற்கு முன்பே, பெண்பிள்ளைகள் எதை உடுத்தி நீரில் இறங்குவார்கள் என்று அவர்தம் தாய்மாரிடம் வினவுவது நலம். அவ்வினாவுக்கு விடை கிடைத்த வீடுகளின் பெண்பிள்ளைகள் கரையில் அமர்ந்திருக்கமாட்டார்கள்.