கூழாங்கல் மேல் விளையும் மது

அன்பர் ஒருவர் வீட்டில் கண்ட காலிப் புட்டியின் கழுத்துக்குக் கீழே, கண்ணாடியிலேயே புடைத்து நின்ற போப்பாண்டவரின் கிரீடமும் சாவிகளும்தாம், ரோன் நதிக்கரையில், அவிஞ்ஞோன் நகருக்கு வடக்கே உள்ள ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற சிற்றூரின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டின. போப்பாண்டவர்கள் அவிஞ்ஞோனில் வாசம் செய்த 14ஆம் நூற்றாண்டில், 22ஆம் ஜான் கோடைக்காலத்துக்கென்று இங்கே எழுப்பிய கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது சில சுவர்களே. ஆனால் ஊரின் பெயரில் உள்ள ஷாத்தோநெஃப் என்ற பகுதி அந்தக் கோட்டைக்கும் முந்தியது.

மதுவுக்குப் பேர்போன இவ்வூரின் திராட்சைத் தோட்டங்கள் பலவற்றில் மண்ணே கண்ணில் படுவதில்லை. பகலெல்லாம் வெயிலை உண்டு இரவில் அந்த உஷ்ணத்தைக் கொடிகளுக்குத் திருப்பித் தரும் உருண்டைக் கற்களின் மேல், மிஸ்ட்ரால் என்னும் வடகாற்று ஈரத்தை உலர்த்திச் செல்ல, கிரெனாஷ் என்ற திராட்சை பிரதானமாக விளைகிறது. அதன் இனிமைக்கு சிரா நிறத்தையும் மூர்வெத்ர் உறுதியையும் சேர்க்கின்றன. கலப்பு என்றாலே கலப்படம் என்று அஞ்சும் நமக்கு, பதின்மூன்று வகைத் திராட்சைகளைச் சட்டமே அனுமதிப்பது விநோதமாகத் தோன்றலாம். எனினும் போலி மதுவைத் தடுக்கவே பாரன் லெ ருவா என்ற பிரபு முன்னின்று வகுத்த நியமங்கள், 1936இல் அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றன.

இவ்வூரார் தங்கள் கொடிகளை எவ்வளவு பத்திரமாகக் காக்கிறார்கள் தெரியுமா? பறக்கும் தட்டுகள் இவ்வூர் எல்லைக்குள் இறங்கக்கூடாது, இறங்கினால் பறிமுதல் என்று 1954இல் மேயர் உத்தரவே போட்டுவிட்டார்.