கேடயச் சுரப்பி

அரபி மொழியில் 'தரக்கா' என்பது தோலாற்செய்த கேடயத்தைக் குறிக்கும். கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே அமைந்த சுரப்பியை அரபி மருத்துவர் 'அல்குத்ததுத் தரக்கிய்யா' என்பர். கிரேக்க வழிவந்த 'தைராய்டு' என்னும் சொல்லுக்கும் கேடயம் போன்றது என்பதே பொருள். இச்சொல்லாராய்ச்சியை மாணவர்க்குப் பெருமையுடன் எடுத்துரைத்தவன் நான். ஆயினும், அக்கேடயம் தளர்ந்த குழந்தையொன்று என் கண்முன் அமர்ந்து ஓதியபோது அதனை நான் அறிந்தேனில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர் பிள்ளைகள் ஓதவரும் மக்தபில் நடந்தது இது. ஒன்பது வயதான அச்சிறுமி ஆறு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்தால் வேறுபாடு தெரியாது. மார்கழி போனபின்பும் போர்வையை விடமாட்டாள். பாடத்திடையே கண்ணயர்வாள். சோம்பல் என்றெண்ணிப் பலமுறை கடிந்துகொண்டேன். அவள் அழவில்லை, தலைகுனிந்து மெல்ல மீண்டும் ஓதினாள். அந்தக் குனிந்த தலை இன்றும் என்னை உறுத்துகிறது.

ஒரு பெருநாளன்று அவளுடைய நன்னிமா மகிழ்ச்சியோடு சொன்னார்: "ஹஜ்ரத், இது இரண்டு வருஷத்துக்கு முந்தித் தைத்த சட்டை. இன்னும் அளவு சரியாக இருக்கிறது, பாருங்கள்!" துணி நீடித்ததில் அவருக்கு மகிழ்ச்சி, எனக்கோ நெஞ்சு திடுக்கிட்டது. வளரும் பிள்ளைக்குச் சட்டை சிறுக்க வேண்டாமா? அவள் தந்தையாரை அன்றே வற்புறுத்தி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

இரத்தத்தில் தைராய்டு நீர் மிகக் குறைந்திருந்தது. இடக்கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பின் வயது ஆறு என்றார்கள். எலும்பு நீள்வதற்கும், பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி நீரைச் செவ்வனே சுரப்பதற்கும் தைராய்டு நீர் வேண்டும். அது குறையின் வளர்ச்சி தேங்கிவிடும். 1891இல் இங்கிலாந்தில் மருத்துவர் மர்ரே ஆட்டின் சுரப்பியிலிருந்து வடித்த சாற்றைக் கொண்டு இந்நோய்க்கு மருத்துவம் செய்தார். 1914இல் அமெரிக்கரான கெண்டால் தைராக்ஸினைப் பிரித்தெடுத்தார். இன்று அது சிறு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை அதனுடன் சேர்த்து உண்ணலாகாது.

மாத்திரை தொடங்கியபின் போர்வை போயிற்று, உறக்கம் போயிற்று, சட்டைகளும் சிறுத்தன. எனினும், முழு உயரம் திரும்பவில்லை. நெடுநாள் தேங்கியபின் மருந்து பெறும் பிள்ளைகளுக்கு எலும்பின் முதிர்ச்சி உயரத்தை முந்திக்கொண்டு ஓடுவதுண்டு. எலும்பு முனைகள் மூடிக்கொண்டபின் எம்மருந்தும் நீட்டாது. அவள் தாயினும் சற்றுக் குள்ளமாகவே நின்றாள்.

பிறவியிலேயே இக்குறை உள்ள குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்தைத் தொடங்கி ஒழுங்காகத் தந்துவந்தால் அறிவும் உயரமும் ஏனையோர் போலவே அமையும். தாமதித்தாலோ மூளைக்கே கேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் ஆராய்ந்தபோது ஏறக்குறைய 1,100 குழந்தைகளுக்கு ஒன்றிடம் இக்குறை காணப்பட்டது. பிறந்த இரண்டு மூன்று நாட்களில் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தமே இதனைக் காட்டிவிடும்.

நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். நான்கு வயது கடந்த பிள்ளை ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர்கூட வளரவில்லையெனில், 'எங்கள் குடும்பமே குள்ளம்' என்று வாளாவிருத்தல் கூடாது. ஆசிரியர்களும் கடிந்துரைக்குமுன் சுவரில் ஒரு கோடு கிழித்து அளந்து பார்க்கட்டும்.

சென்ற ஆண்டு அம்மாணவி தன் கைக்குழந்தையுடன் வந்தாள். துஆ கேட்குமுன் அவள் சொன்ன முதற்சொல்: "குதிகாலில் இரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, ஹஜ்ரத். குறையொன்றுமில்லை." அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அன்று கடிந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை.