பிரதியும் காப்பும்

ஏடுகளைச் செல்லுக்கும் நெருப்புக்கும் பறிகொடுத்த சமூகம் நம்முடையது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தமைக்கு, ஏட்டுப் பிரதிகள் வெவ்வேறிடங்களிற் பிழைத்துக் கிடந்தமையும் ஒரு காரணமாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவேயில்லை.

கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு நிறுவனத்தின் புதிய மின்னஞ்சற் சேவையகத்துக்குத் தட்டுகளை ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னைச் சேர்ந்தபோது, இவ்வெண்ணமே முன்னின்றது. அந்நிறுவனத்துக்கு வரும் மடல்களுட் காணி உறுதி பற்றியவையும், புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் அத்தாட்சிகளும் உள. அனுப்பியவருட் சிலர் இன்று உயிருடன் இல்லை.

கையிலிருந்தவை 4 டெராபைற் கொள்ளளவுடைய எட்டு வன்தட்டுகள். பல தட்டுகளை ஒன்றிணைத்து, ஒன்று பழுதுற்றாலும் தகவல் கெடாது காக்கும் முறைகளை 1988இல் பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகியோர் 'ரெயிட்' எனப் பெயரிட்டு வகுத்துக் காட்டினர். எட்டுத் தட்டுகளில் ரெயிட் 5 தரும் இடம் 28 டெராபைற். ரெயிட் 6 தருவது 24. ஒவ்வொரு தட்டுக்கும் இணைத்தட்டொன்றை வைக்கும் ரெயிட் 10 தருவதோ 16 மாத்திரமே. சிக்கனம் கருதி நிருவாகத்தினர் முதலாவதையே விரும்பினர்.

ஆயின் மின்னஞ்சலின் இயல்பு வேறு. சிறு மடல்கள் ஓயாது வந்து தட்டின் பல இடங்களிற் பதிவாகின்றன. ரெயிட் 5இல் ஒரு சிறு பதிவுக்கே பழைய தகவலையும் அதன் மீட்புக் குறிப்பையும் வாசித்து, பின்னர் புதியவை இரண்டையும் எழுதுதல் வேண்டும். ஆக நான்கு செயல்கள். ரெயிட் 10இல் இருமுறை எழுதினாற் போதும். மேலும், ஒரு தட்டுப் பழுதுற்றால் ரெயிட் 5 எஞ்சிய ஏழையும் முற்றாக வாசித்தே புதியதை நிரப்பும். அதற்குள் இன்னொன்று வீழின் யாவும் போகும். ரெயிட் 10இல் இணைத்தட்டை மட்டும் பிரதிசெய்தாற் போதும்; அவ்விணையே வீழ்ந்தாலன்றி இழப்பில்லை. இவற்றை எடுத்துரைத்தபின் அதற்கே இசைந்தனர்.

எனினும் தேர்வு அத்துடன் முடிந்துவிடவில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகிற் கணிமைத் தொகுதி, கப்பம் கோரும் தீநிரலொன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி எஞ்சவில்லை. இணைத்தட்டு நல்லதையும் தீயதையும் வேறுபடுத்தி அறியாது. அழிக்குமாறு கட்டளை வந்தால் இரண்டும் ஒருசேர அழிக்கும்.

ஆகவே வாரந்தோறும் ஒரு பிரதி எடுக்கப்பட்டு, எந்த வலையமைப்புடனும் தொடர்பின்றி, வெள்ளவத்தைக் கிளை அலுவலகத்திற் பூட்டி வைக்கப்படுகின்றது. மாதமொருமுறை அதிலிருந்து சில மடல்களை மீட்டுப் படித்துப் பார்க்கின்றோம். அவிழ்க்கப்படாத ஏட்டுக்கட்டினுள் எழுத்து எஞ்சியுள்ளதா என்பதை எவர் அறிவார்? ஆய்வேட்டையும் நேர்காணற் பதிவுகளையும் ஒரே கணனியில் வைத்திருக்கும் நம் மாணவரும் ஆசிரியரும் இதனைச் சிந்திப்பாராக.