கஞ்சிப்பாசியும் கண்ணாடித் தட்டும்

பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். 1999 பிப்ரவரியில் ஒரு நாள் நான் சாயவில்லை. மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதில் மீனுக்குப் போடுகிற உடைத்த ஐஸ். ஐஸுக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு நான்கு பிளாஸ்டிக் குழாய்கள். எதிர் சீட்டுப் பெரியவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டுவிட்டார்:

"என்ன தம்பி, இறாலா?"

கருவாட்டுக் கிருமியின் டி.என்.ஏ. என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் மண்டபம் வந்துவிடும். "ஆமாங்கய்யா" என்றேன்.

எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு. ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்து, காலிகோ அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்துக் கொடுத்தால்தான் பட்டம். கூடப் படித்தவர்கள் ஆஸ்பத்திரிச் சீழ், ஓட்டல் தண்ணீர் என்று கிளம்ப, எனக்கு விஷயத்தைக் கொடுத்தது பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்து அயித்தை.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து நாங்கள் ராமநாதபுரம் போய்விட்டதால், கடல் எனக்கு விடுமுறைக்கு மட்டும் வரும் சொந்தம். அயித்தைக்கு அதுதான் அடுப்படி. காலையில் பாசி, மத்தியானம் கருவாடு. ஐப்பசி மழையில் காயாமல் கிடந்த திருக்கைக் கருவாட்டைப் புரட்டிக் காட்டினாள். உப்புப் படிந்த சதை முழுக்க, குங்குமத்தைக் கரைத்துத் தெளித்த மாதிரி சிவப்பு. "செவப்பு விழுந்துட்டா யாவாரி தொட மாட்டான். உப்புப் போட்டா எதுவும் கெடாதுங்குறீங்க. அப்ப இது என்ன? நீதான் படிக்கிறியே, கேட்டுச் சொல்லு மருமகனே."

கேட்டுச் சொல்லப் போனதுதான் ஆறு மாதம் ஆயிற்று.

அந்தச் சிவப்பு உப்பிலேயே இருக்கிறது என்பதை வாலிநோக்கம் உப்பளத்தில் போய் நின்றபோது கண்ணால் பார்த்தேன். கடல்நீர் காயக் காய, உப்பு விளைகிற பாத்தியில் தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். கடலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு. சாதாரணக் கிருமி அதில் சுருண்டு செத்துப்போகும். ஆனால் அந்த உப்பு இல்லாவிட்டால் செத்துப்போகிற உயிர்களும் உண்டு. அவை பாத்தியிலிருந்து உப்புக்கல்லோடு சாக்கில் ஏறி, கருவாட்டுத் தொட்டியில் இறங்கி, ஈரம் கிடைத்ததும் நிறம் காட்டும். அயித்தை கேட்ட கேள்விக்குப் பாதி விடை அது.

மீதியைத் தெரிந்துகொள்ள அவற்றை வளர்க்க வேண்டும். நூறு மில்லி தண்ணீருக்கு இருபது கிராமுக்கு மேல் உப்பு, இரண்டு கிராம் அகர். காய்ச்சி, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி ஆறவைத்து, கருவாட்டில் ஒத்தி எடுப்பதற்காகப் பெட்டியில் அடுக்கிச் சின்னப்பாலத்துக்கே கொண்டுபோனேன். நான் கையுறையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அயித்தை ஒரு தட்டைத் திறந்து, விரலால் அழுத்தி, நாக்கில் வைத்தும் பார்த்துவிட்டாள்.

"அட, கடல்பாசி! சீனி போடுற இடத்துல உப்பை அள்ளிக் கொட்டி வச்சிருக்கியே!"

வாஸ்தவம்தான். ரம்ஜான் மாதத்தில் கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் நோன்பு திறக்கும்போது பாலும் சீனியும் ரோஸ் கலரும் சேர்த்து, வெட்டித் தட்டில் வைக்கிறார்களே, அதே கடல்பாசிதான். ஆய்வுக்கூடத்தில் அதற்கு அகர் என்று பெயர். வெள்ளைப் பொடியாக பாட்டிலில் வரும். விலை அதிகம் என்பதால், தராசில் ஒரு சிட்டிகை கூடினாலும் அண்ணன்மார் முறைப்பார்கள்.

அது கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு சமையலறை வழியாகத்தான். 1881-இல் பெர்லினில் ராபர்ட் காக்கிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸெவுக்கு, கிருமி வளர்க்கிற ஜெலட்டின் கோடை வெயிலில் உருகி ஓடியது. அவர் மனைவி ஃபேனி, வீட்டில் தான் செய்யும் ஜெல்லி வெயிலுக்கு அசையாதே, அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த அண்டைவீட்டாரிடம் அவர் கற்ற பக்குவம் அது. ஒரு முறை உறைந்தால் எண்பது டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும். பெரும்பாலான கிருமிகளால் தின்னவும் முடியாது. அடுத்த ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றி காக் எழுதிய கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை.

அகர் பாட்டிலின் லேபிளில் கரையின் பெயர் இருக்காது. பாசி வரும் வழியை நான் அறிந்தது அயித்தையின் கையில்தான். விடிவதற்குள் சேலைக்கு மேல் மாமாவின் பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுவாள். ஏழெட்டுப் பேர் வத்தையில் தீவுப் பக்கம் போய் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்குவார்கள். மூச்சடக்கி முங்கினால் எழும்போது கைப்பிடி பாசி. மரிக்கொழுந்துப் பாசிக்கு விலை கூட. பவளப்பாறையை அது கெட்டியாகப் பிடித்திருக்கும். கஞ்சிப்பாசி கொஞ்சம் இளக்கம். பஞ்ச காலத்தில் இதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்ததால் வந்த பெயர் என்பாள் அயித்தை. இரண்டும் மணலில் காய்ந்து, வெளுத்து, மூட்டையாகி, மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்கு லாரி ஏறும்.

மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது, பிரான்செஸ்கா திவி என்ற பெண் விஞ்ஞானி 1951-இல் இந்திய அகர்களைப் பற்றி எழுதியிருந்தது கண்ணில் பட்டது. 1971 வரை அந்த நிலையத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. பாலத்தைத் தாண்டினால் பாசி எடுக்கிற பெண்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் அதே பாசியைப் பற்றி எழுதிய பெண். நடுவில் ரயில் மட்டும் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

கருவாட்டில் ஒத்திய தட்டில் ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பத்தாம் நாளுக்கு மேல் ஊசிமுனையாகச் சிவப்புப் புள்ளிகள். குதித்தேன். குதித்த வேகத்தில், வழக்கமாகச் செய்கிற மாதிரி காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு புள்ளியைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெறும் கண்ணாடி. மூன்று முறை வைத்தும் வெறும் கண்ணாடி. உப்பில்லாத தண்ணீர் பட்டதும் அவை உடைந்து கரைந்துபோகும் என்று பிறகுதான் படித்தேன். நல்ல தண்ணீரே விஷமாகிற உயிர். ஆனால் என்னைக் கவிழ்த்த அதே தண்ணீர், டி.என்.ஏ. எடுக்கும்போது கைகொடுத்தது. இரண்டு சொட்டு விட்டால் போதும், உடைந்து கஞ்சிபோலக் குழகுழத்துவிடும். சுத்தம் செய்து சாராயம் ஊற்றினால் வெள்ளை நூல் திரண்டு கண்ணாடிக் குச்சியில் சுற்றிக்கொண்டு வரும்.

அந்த நூல்தான் நான்கு குழாய்களில் இருந்தது. கூடத்து ஃப்ரீசர் கெட்டுக் கிடந்த மாதம் அது. அதனால் ஒரு வாரம் பாம்பன் ஐஸ் கம்பெனியில், மாமாவின் சிநேகிதர் தயவில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே விருந்தாளியாக வைத்திருந்து, டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்குகிற பி.சி.ஆர். மெஷின் இருந்த மதுரைக்குக் கொண்டுபோனேன்.

முதல் நாள் ஓடவிட்ட ஜெல்லில், ஒப்பீட்டுக்கு வைத்த ஈ. கோலை மட்டும் புற ஊதா வெளிச்சத்தில் ஆரஞ்சுக் கோடாக ஜொலித்தது. என் நான்கு கட்டமும் இருட்டு. அங்கிருந்த அக்கா ஒருவர் சிரித்தார். "நீ போட்ட பிரைமர் பாக்டீரியாவுக்கு. உன்னோடது பாக்டீரியாவே இல்லையே!" கார்ல் வோஸ் 1977-இல் பிரித்துக் காட்டிய ஆர்க்கியா என்கிற தனிக் குலம் அது. உருவத்தில் பாக்டீரியா மாதிரியே இருக்கும், வம்சாவளி வேறு. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கிற அந்தப் பிரைமரை மாற்றியதும் மறுநாள் நான்கு கோடுகளும் எழுந்து நின்றன.

அந்தக் கோடுகளைத் தாங்கிக்கொண்டிருந்த ஜெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அகரோஸ். அகரையே இன்னும் சுத்தம் செய்தால் கிடைப்பது. கிருமி வளர்ந்தது பாசியின் மேல். அதன் மரபணு ஓடியதும் பாசிக்குள்தான்.

அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் துறைத் தலைவர், வழிகாட்டி, டைப் அடித்துக் கொடுத்தவர் எல்லோரும் இருந்தார்கள். அயித்தையை எழுதவில்லை. ராபர்ட் காக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது நானே ப்ராஜெக்டுகளில் கையெழுத்துப் போடுகிறவன். பையன்கள் மாதிரியைக் கூரியரில் அனுப்பிவிட்டு, வரிசையை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்கிறார்கள். கடலும் பழைய கடல் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டன. அங்கே பாசிக்குப் போனால் வனத்துறையோடு மல்லுக்கு நிற்க வேண்டும். மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று பெண்களே பேசி முடிவெடுத்தார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. ரயிலும் புதுப் பாலத்தில் போகிறது.

வருஷா வருஷம் முதல் செய்முறை வகுப்புக்கு முன்னால் பிள்ளைகளைச் சின்னப்பாலம் கூட்டிப்போய், காயும் பாசியைக் கையில் அள்ளிக் கொடுப்பேன். "கருவாட்டு வாடை அடிக்குது சார்" என்று ஒருத்தி மூக்கைப் பிடித்தாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அயித்தை, துணி சுற்றாத விரல்களால் பாசியைக் கோதிக்கொண்டே அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தண்ணீரில் இறங்கி வெகு நாளாயிற்று. தலை நன்றாக நரைத்துவிட்டது.

"படிப்பெல்லாம் சரிதான் மருமகனே. இதுல ஒண்ணுக்காவது முங்கத் தெரியுமா?"