பொரளைக்கு வந்த கடற்கரை மைதானம்

வெள்ளவத்தைக்காரருக்குக் கடலோர ரயில்தான் பழக்கம். மருதானையில் களனிவெளி ரயில் ஏறிப் பார்த்தவர்கள் நம்மிடையே குறைவு. ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பொரளையின் கோட்டா வீதி நிலையத்துக்குப் பக்கத்தில், இருபுறமும் நெருக்கிக்கொண்டிருந்த மதிலும் தகரக் கூரையும் திடீரென்று விலக, யன்னலுக்கு வெளியே வெட்டிச் சீவிய புல்வெளி விரியும். வெள்ளைத் தொப்பி போட்ட நாலு பேர் மட்டையை ஊன்றிக்கொண்டு, ரயில் போய்த் தொலையட்டும் என்று காத்து நிற்பார்கள். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் இங்கே ரயிலுக்கு உண்டு. ஒரு நிமிடம்கூட ஆகாது, மறுபடி மதில்கள் வந்துவிடும்.

அந்தப் புல்வெளி றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்துடையது. மைதானத்தின் முறையான பெயர் 'ரிஜ்வே கோல்ஃப் லிங்க்ஸ்'. இந்த 'லிங்க்ஸ்' என்ற சொல்லில்தான் கதை இருக்கிறது.

லிங்க்ஸ் ஸ்கொட்லாந்துக்காரரின் சொல். கடற்கரை மணலுக்கும் உள்ளே இருக்கும் உழவு நிலத்துக்கும் நடுவில் கிடக்கும் மேடுபள்ளமான புல்தரையை அவர்கள் அப்படி அழைத்தார்கள். நம்முடைய திணைக் கணக்கில் சொன்னால் நெய்தலும் அல்ல, மருதமும் அல்ல. இரண்டுக்கும் இடையில் யாருக்கும் உதவாமல் கிடக்கும் கீற்று. ஏர் பூட்ட முடியாது, ஆடு மேய்க்கலாம். காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிப் படுத்துத் தேய்த்த மணற்குழிகளே பிற்காலத்தில் 'பங்கர்' ஆயின என்பார்கள். மரம் இராது. எதிரி காற்றுதான்.

அத்தகைய நிலத்தில் ஆட்டத்தின் அமைப்பும் நிலத்தைப் போலவே நீளவாக்கானது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் பழைய மைதானத்தில் ஆட்டக்காரர் ஊரருகில் தொடங்கி, கரையோரமாகவே வெளியே நடந்து, கோடியில் திரும்பி, வந்த வழியே மீள்கிறார். போகும்போதும் வரும்போதும் ஒரே பச்சைத் தரைகளைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டைக் குழிகள் அங்கே இன்றும் உண்டு. 1764இல் 22ஆக இருந்த குழிகளை அங்கே 18ஆகக் குறைத்தார்கள். உலகம் முழுவதும் இன்று 18 என்று எண்ணுவது அந்தக் கணக்கைத்தான்.

கொழும்பில் இப்படியொரு நிலத்தைத் தேடிய வெள்ளையர் அதிக தூரம் போகவில்லை. ஒருபுறம் இந்து சமுத்திரம், மறுபுறம் பேர வாவி, நடுவில் மரமில்லாத புல்வெளி: காலிமுகத்திடல். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவதற்குக் கண்மறைப்பு இருக்கக்கூடாதென்று வெறுமையாக வைக்கப்பட்ட இடம் அது. பிறகு குதிரைப் பந்தயம் வந்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த உலாப்பாதை வந்தது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி தமக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்ட அவருடைய கல் இன்றும் நிற்கிறது. 1879இல் கொழும்பு கோல்ஃப் கழகம் அங்கே பிறந்தது. கல்கத்தா 1829இலேயே தொடங்கிவிட்டிருந்தது, பெங்களூர் 1876இல். நுவரெலியாவுக்குக் கழகம் 1889இல்தான் வந்தது. ஆக, இலங்கையில் இந்த ஆட்டம் மலைக் குளிரில் அல்ல, கடலோர வெயிலில்தான் வேரூன்றியது.

ஆனால் காலிமுகம் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததே இல்லை. சிப்பாய்கள் அணிவகுப்பார்கள், குதிரைக்காரர் ஓடுவார்கள், தாதியர் குழந்தைகளோடு உலாவுவார்கள். இவர்களுக்கு நடுவே கெட்டியான பந்தை விளாசும் ஆட்டம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? 1896இல் கழகம் பொரளைக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டு பதவியேற்ற ஆளுநர் வெஸ்ட் ரிஜ்வேயின் பெயரைப் புதிய மைதானம் பெற்றது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அரசின் மாதிரிப் பண்ணை. கழக வாசலுக்குப் போகும் தெரு இன்றும் மொடல் ஃபார்ம் வீதிதான். நெய்தலோரத்து ஆட்டம் மருதத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. லிங்க்ஸ் என்கிறார்கள், கடல் இல்லை. பண்ணை வீதி என்கிறார்கள், பண்ணை இல்லை.

நிலம் மாறியதும் ஆட்டத்தின் முகமும் மாறியது. உப்புக்காற்றின் இடத்தில் மரங்களும் நீர்ப்பரப்புகளும் வந்தன. நேராகப் போய் நேராகத் திரும்பும் கரையோர ஒழுங்கு போய், 18 குழிகளும் ஒரே வளாகத்துக்குள் வளைந்து மடங்கி அமைந்தன. அதன் குறுக்கே, இருபதாம் நூற்றாண்டின் விளிம்பில், களனிவெளி ரயில் பாதை வந்தது. ஆம், மைதானம்தான் மூத்தது, ரயில் இளையது. தேயிலையும் ரப்பரும் இறக்குவதற்காக அவிசாவளைப் பக்கம் போட்ட குறுகிய பாதை அது, 762 மில்லிமீற்றர் அகலம். 1990களில்தான் 1676 மில்லிமீற்றர் அகலப்பாதையாயிற்று. தோட்டத் துரைமார் விளையாடிய புல்லுக்குள்ளால் அவர்களுடைய சரக்கே புகைவிட்டுக்கொண்டு போயிற்று என்று எண்ணும்போது சிரிப்பு வருகிறது. 1928இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 'றோயல்' பட்டம் கொடுத்தார். நெடுங்காலம் அது வெள்ளையர் கழகமாகவே இருந்தது. சுற்றுப்புறத்துப் பையன்கள் மட்டைப் பை சுமந்தபடி, பார்த்தே ஆட்டம் கற்றார்கள். பின்னாளில் நாட்டுக்காக ஆடியவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

இதையெல்லாம் ஒரு தமிழர் வாசிக்கும்போது மனம் வேறெங்கோ போகும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. கழகத்தின் பழைய மைதானத்தில்தான் 1956 யூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்து செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் உட்கார்ந்து அடி வாங்கினார்கள். புதிய மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கனத்தை மயானம். 1983 யூலை 24 இரவு அங்கே திரண்ட கூட்டத்திலிருந்துதான் தமிழருக்கு எதிரான கலவரத்தின் நெருப்பு பொரளைக் கடைகளில் பற்றியது. கோல்ஃப் வரலாற்றில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் காலிமுகம், பொரளை என்ற இரண்டு பெயர்களையும் நாம் அந்த வழியாகத்தான் முதலில் அறிந்தோம்.

காலிமுகத்தில் அந்தப் பழைய மைதானத்தைத் தேடிப் போனால் ஒன்றும் அகப்படாது. கோட்டைக்கு இடிந்த மதில் மிஞ்சும், கோயிலுக்குத் தூண் மிஞ்சும். கோல்ஃப் குழிக்கு என்ன மிஞ்சும்? ஒரு சாண் ஆழத்து ஓட்டை, மண் போட்டால் புல் மூடிக்கொள்ளும். திடலே சுருங்கி இப்போது அரை கிலோமீற்றர் நீளம், ஏறத்தாழ 5 ஹெக்டேயர்தான். மாலையில் பட்டம் விடுகிறார்கள், இறால் வடை விற்கிறார்கள். 2022இல் மாதக்கணக்கில் கூடாரம் போட்டு ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வார்டின் கல்லைத் தவிர அங்கே அந்தக் காலத்தைச் சொல்ல வேறு சாட்சி அதிகமில்லை. அதிலும் கோல்ஃப் பற்றி ஒரு சொல் இல்லை.

பொரளையிலோ மாலை அலுவலக ரயில் நெரிசலோடு புல்வெளியைக் கடக்கிறது. கதவில் தொங்கும் பையன் ஒருவன் கையசைக்கிறான். மட்டையோடு நிற்பவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.